டிரைவர் பக்கச் சாய்வு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறி துடைப்பது ஸ்கேலின் வேலை. ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை. துடைப்பதைவிடப் பிடிப்பதுதான் கஷ்டம் என்பது அந்த அம்மாளின் கட்சி. காரணம், துடைக்கிறவர் சும்மா துடைத்துவிட்டு இறங்க மாட்டார். மூன்று இறக்கைகளும் கூரையிலிருந்து ஒரே உயரத்தில் தொங்குகின்றனவா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். விரலை வைத்து அளப்பார். மறுபடி பார்ப்பார்.

"ஒரு இறக்கை தாழ்ந்திருக்கு."

"இருக்கட்டும். எனக்குக் கையே தாழ்ந்துபோச்சு. இறங்குங்க."

"ஆடும்டீ."

"இத்தன வருஷமா ஆடிக்கிட்டுதான் இருக்கு. வர்றவங்க காத்து வருதான்னுதான் பாப்பாங்க. உங்கள மாதிரி யாரும் டேப்போட வர மாட்டாங்க."

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கியில் சத்தமாகக் கூப்பிடும்போதுதான் அவருக்கே அது நினைவுக்கு வரும். மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ஸ்கேல். சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து தொங்குகிற படத்தை நேராக்குவார். துக்க வீட்டில்கூட ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு மனைவியிடம் இடுப்பில் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

தொழிலும் அப்படித்தான் அமைந்தது. லாரி, வேன், பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தைத் தாங்குகிற பட்டைகளைப் பழுதுபார்ப்பது. வில் மாதிரி வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் போல்ட் போட்டு இறுக்கினால் ஒரு கட்டு. பக்கத்துக்கு ஒரு கட்டு. வண்டி சாய்ந்து வந்தால் அவர் பட்டறைக்கு வரும், நேராகிப் போகும். பின்னால் பத்தடி தள்ளி நின்று வெற்றிலை போடாத வாயால் மென்றுகொண்டே பார்ப்பார். "இடதுபக்க மூணாம் தகடு விரிசல் விட்டுருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் விட்டிருக்கும். அந்த ஒரு பெருமையை வைத்துத்தான் அவர் ஒரு குடும்பத்தை நடத்தி, ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்து, நாலு பேர் நடுவே தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு விருந்துக்கு வரவேண்டியது அந்தப் பெண்ணும், மாப்பிள்ளையும், மாப்பிள்ளையின் அம்மாவும். ஸ்டூல்மேல் நின்றபடியே அவருக்கு மேல் ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. மாப்பிள்ளையின் பழைய பிக்கப் வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள். காலி வண்டி. அப்படியும் பின்பக்கம், டிரைவர் பக்கமாக, இரண்டு விரல்கடை இறங்கி நின்றது.

"என்னங்க, வந்துட்டாங்க, இறங்குங்க."

அவர் இறங்கினார். ஆனால் மனசு அந்த இரண்டு விரல்கடையிலேயே நின்றுவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஒரு மெத்தைக் கடைக்குச் சரக்கு கொண்டுபோகிற வேலை. மெத்தை பார்க்கத்தான் மலை, பாரம் கிடையாது. அந்த வண்டிக்குப் பின்பட்டைக் கட்டு இரண்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்ததே ஸ்கேல்தான், இந்த வருஷ ஆரம்பத்தில். புதுப் பட்டை, லேசான பாரம், இத்தனை சீக்கிரம் ஏன் இறங்க வேண்டும்? அவருக்குத் தெரிந்து அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சாப்பாடு முடிகிறவரை வைத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

"மாப்பிள்ளை, வண்டி டிரைவர் பக்கம் இறங்கியிருக்கே, பாத்தீங்களா?"

"ஆமா மாமா, கொஞ்ச நாளாவே அப்படித்தான். உங்ககிட்ட காட்டணும்னுதான் நெனச்சேன்."

"காட்டறதுக்கு என்ன இருக்கு? ஜன்னல்லயே பாத்துட்டேன். மெத்தை ஏத்தி இறங்குற இறக்கம் இல்ல அது." சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொண்டார். "என்ன ஏத்துறீங்க, சிமெண்டா, கம்பியா?"

"மெத்தைதான் மாமா. வேற எதுவும் ஏத்தறதில்ல."

"அப்பா, சாப்பிடுங்க" என்றாள் மகள்.

"இரும்மா. தப்புன்னு சொல்லல. நாலு காசு கூட வரும்னு யாரும் செய்யறதுதான். ஆனா என்கிட்ட மறைக்கக் கூடாது. மனுஷன் பொய் சொல்லலாம், பட்டை சொல்லாது மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமனார் வீட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சொல்ல முடியும். "இல்ல மாமா" என்றார், மறுபடி. சத்தம் போடாமல்.

ஸ்கேல் அப்போதுதான் சம்பந்தியம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாளின் கை தட்டிலேயே நின்றிருந்தது. பிசைந்த சோறு அப்படியே. அவள் புருஷன் லாரி ஓட்டினவர். அளவுக்கு மீறி ஏற்றிய லாரியோடு ஒரு வளைவில் சரிந்து போனவர். மகன் வண்டி வாங்கப்போகிறேன் என்றபோது அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: பாரம் மீறக் கூடாது. இது ஸ்கேலுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. பேச்சு ருசியில் அந்த நேரத்துக்கு நினைவில்லை, அவ்வளவுதான்.

"சம்பந்தி இவ்வளவு தெரிஞ்சவரு சொல்றாருடா" என்றாள் அந்த அம்மாள், மகனைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு எல்லோரும் தண்ணீர் நிறையக் குடித்தார்கள்.

அவர்கள் போனதும் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பேச்சு எதுக்கு?" என்றாள்.

"நல்லதுக்குத்தான். நாளைக்கு நடுரோட்டுல பட்டை உடைஞ்சா?"

"தனியாக் கூப்பிட்டுக் கேட்டா உங்க பட்டை கோவிச்சுக்குமா?"

அவர் போய் மின்விசிறியைப் போட்டார். ஆடியது.

சில நாள் கழித்து மகள் போனில் கூப்பிட்டாள். வழக்கமான நலவிசாரிப்பு எதுவும் இல்லை.

"அப்பா, எங்க அத்தை இப்ப தினமும் அவர்கூட வண்டியிலதான் போறாங்க, தெரியுமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? என்ன ஏத்தறாருன்னு பாக்கத்தான். காலையில தண்ணி பாட்டில், பை எல்லாம் எடுத்துக்கிட்டு முன்னாடி ஏறி உக்காந்துடறாங்க. மெத்தைக் கடைப் பசங்க 'கண்டக்டரம்மா வந்தாச்சு, ரைட் ரைட்'னு கத்தறானுங்களாம். இவரும் சிரிக்கிறாராம். வீட்டுக்கு வந்தா சட்டையக்கூடக் கழட்டாம அப்படியே உக்காந்திருக்காரு."

ஸ்கேல் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அத்தை அந்தப் பக்கம் ஏறி உக்காந்தா வண்டி நேராயிடுது, அது வேற" என்றாள் மகள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன் அந்தப் பக்கம் வைக்கப்பட்ட பிறகுதான், அவள் சிரிக்கவில்லை என்பது உறைத்தது.

மறுநாள் மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டார். சாவியை மேஜைமேல் வைத்தார். "பாத்து வைங்க மாமா." டீ வரச் சொன்னதற்கு, "இல்ல மாமா, கடையில தேடுவாங்க" என்று நடந்தே போனார். எப்போதும் உட்கார்ந்து இரண்டு டீ குடிக்கிற ஆள்.

பட்டறையில் பாதி இடம் ஒரு வெல்டருடையது. வாடகையிலும் பாதி, பேச்சில் முக்கால். அவன் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான்.

"மருமகன் வண்டியா? கழுத்து சுளுக்குன மாதிரி ஒரு பக்கமா நிக்குது."

"பாரம் ஏத்தியிருக்காரு."

"அந்தப் புள்ளையா? அது நம்ம டீக்கடையில ரெண்டு பன்னு சேத்து எடுக்கவே யோசிக்கும்."

ஸ்கேல் வேலையை ஆரம்பித்தார். முதலில் நான்கு டயர்களிலும் காற்று பார்த்தார். சரியாக இருந்தது. வண்டியின் முன்பக்கத்தை நட்டநடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். முன்பக்கக் குற்றமாக இருந்தால், அப்படித் தூக்கியதும் பின்பக்கம் நேராகிவிடும். ஆகவில்லை. அப்படியானால் குற்றம் பின்னால்தான். இரண்டு பக்கமும் சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலிலிருந்து மேலே அடிச்சட்டமான சேசிஸ்வரை அளந்தார். டிரைவர் பக்கம் குறைவு. பட்டையை மாட்டுகிற கொக்கிகள், ரப்பர் புஷ்கள், போல்ட்கள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் அவர் போட்டது போட்டபடி கச்சிதமாக இருந்தன. தகடு எதுவும் உடையவில்லை. ஒவ்வொன்றும் ஸ்கேலுக்குத் திருப்தியாகவே இருந்தது. மிச்சம் ஒன்றுதான்: பட்டையே தளர்ந்திருக்க வேண்டும். பட்டை தளர்ந்தால் பாரம். அவர் சொன்னதுதான்.

கழற்றுவதற்காக மல்லாந்து அடியில் படுத்தார். அப்போதுதான் அந்த ரப்பர் கட்டை கண்ணில் பட்டது.

ஆக்சிலுக்கு நேர் மேலே, சேசிஸின் அடியில், பக்கத்துக்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கும். பாரம் மீறிப்போனால் ஆக்சில் எழும்பி அதில்தான் இடிக்கும். ஓவர் பாரம் அடிக்கிற வண்டிகளில் அது நசுங்கி, பளபளத்து, ஓரம் பிய்ந்துபோய் இருக்கும். இந்த வண்டிக்கு அதையும் அவரே புதிதாகப் போட்டிருந்தார். அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய ரப்பர் வரம்பு அதன் நுனியில் இன்னும் அப்படியே நின்றது. விரலால் தடவினார். தூசிதான் வந்தது. மறுபக்கம் தவழ்ந்துபோய்ப் பார்த்தார். அதுவும் அப்படியே.

ஒரு நாள்கூட இடித்ததில்லை. ஒரே ஒரு நாள்கூட.

இதைப் பார்ப்பதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கையில் இருந்த துடைக்கிற துணியோடு தெருவில் இறங்கி, ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். ஊரார் வண்டியாக இருந்திருந்தால் குனிந்திருப்பார்.

வண்டிக்கடியில் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

"என்ன, தூங்கிட்டீங்களா?" என்று வெல்டர் காலைத் தட்டினான்.

"பேசாம போடா."

இரண்டு கட்டுகளையும் கழற்றித் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். வளைவு வித்தியாசமாகத்தான் இருந்தது. டிரைவர் பக்கத்திலிருந்து வந்த கட்டுக்கு வளைவு குறைவு. ஒரு நிமிஷம், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ரப்பர் என்ன ரப்பர், பட்டை தளர்ந்திருக்கிறதே, ஏதோ பாரம்தான் என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. தகட்டில் எண் ஏதாவது அடித்திருக்கிறதா என்று பார்க்க, மற்றொரு கட்டின் நுனியில் சுருண்டிருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் கம்பித் தூரிகையால் தேய்த்தார். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

அந்த ரக வண்டிக்கு இரண்டு பக்கப் பட்டையும் ஒன்றில்லை. டிரைவர், டீசல் டேங்க், பாட்டரி எல்லாம் ஒரே பக்கம் உட்காருவதால், அந்தப் பக்கக் கட்டுக்கு மட்டும் வளைவு கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள். எது எதுவென்று குழம்பாமலிருக்க அதில் வெள்ளைப் பொட்டு ஒன்று வைத்து அனுப்புவார்கள். வெள்ளைப் பொட்டு வைத்த கட்டு டிரைவர் பக்கம் போக வேண்டும். இங்கே அது எதிர்ப்பக்கம் கிடந்தது.

மாற்றிப் போட்டவர் அவர்தான். பட்டை தளரவே இல்லை. அது பிறந்ததே அப்படி.

எல்லாம் நினைவுக்கு வந்தது. எந்த வண்டியின் பட்டைக்கும் அவர் பெயிண்ட் அடித்ததில்லை. சேற்றில் முங்கப்போகிற இரும்புக்குப் பவுடர் எதற்கு என்று கேலி பேசுகிறவர். மகள் ஏறிப்போகிற வண்டி என்பதால் இதற்கு மட்டும் அடித்தார். இரண்டு கட்டுகளையும் துணியால் பளிச்சென்று துடைத்து, மொத்தத்தையும் கறுப்பாக்கி, செய்தித்தாள்மேல் காய வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். காய்ந்த பிறகு எது எந்தப் பக்கம் என்று அவருக்குச் சந்தேகம்கூட வரவில்லை. வந்திருந்தால் அளந்திருப்பார். புதுப் பட்டை கொஞ்ச நாள் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். ஓடி ஓடிப் படிகிறபோதுதான் சாய்வு வெளியே வந்திருக்கிறது.

வெல்டர் சாப்பிடப் போயிருந்தான். பார்த்தவர் யாரும் இல்லை. உரிந்த இடத்தில் ஒரு கை பெயிண்டைத் தடவி, பக்கம் மாற்றிப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. கை அதைத்தான் செய்தது. பக்கம் மாற்றிப் போட்டார், இறுக்கினார், தெருவைச் சுற்றி ஒரு சவாரி போய் வந்து நிறுத்தி, பின்னால் தள்ளி நின்று பார்த்தார். வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. அவர் வாழ்க்கையில் நேராக நின்ற ஒரு வண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பெயிண்டை மட்டும் தடவவில்லை. வெள்ளைப் பொட்டு தெரியட்டும் என்று விட்டுவிட்டார். அதை நல்ல காரியம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் சாயங்காலம் மாப்பிள்ளை வந்து நின்றபோது அந்தப் பொட்டைக் காட்ட வாய் வரவில்லை.

"சரியாயிடுச்சு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை பின்னால் போய்ப் பார்த்தார். "நல்லா நேரா இருக்கு மாமா. என்னவாம்?"

"ஒண்ணுமில்ல... ஒரு சின்ன விஷயம். பட்டையக் கழட்டி மாட்டினேன்."

மாப்பிள்ளை அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். மேலே கேட்கவில்லை. "வரேன் மாமா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஸ்கேல் நினைத்துக்கொண்டார். அது பொய் என்று அவருக்கே தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். முகம் கழுவுகிற சாக்கில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னார். அவள் குழாயை மூடினாள்.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னார்.

"அவரு கேட்டப்போ?"

"சின்ன விஷயம்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தாள். "அந்தம்மா நாளைக்குக் காலையிலயும் பாட்டில் எடுத்துக்கிட்டு வண்டியில ஏறுவாங்க" என்றாள். "அது சின்ன விஷயமா?"

சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பழக்கத்தில் ஸ்கேலைப் பையில் செருகியவர், எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மகள் வீட்டில் கதவைத் திறந்தது மகள்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும், "அம்மாவுக்கு என்ன?" என்றாள்.

"அம்மா நல்லாத்தான் இருக்கா. மாப்பிள்ளை இருக்காரா? சம்பந்தியம்மா?"

உள்ளறையில் சம்பந்தியம்மாள் கட்டில்மேல் காய்ந்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஜன்னலோரம் நாற்காலியில். மகள் சொன்னது சரிதான், சட்டையைக் கழற்றியிருக்கவில்லை. சுவரில் அந்த அம்மாளின் புருஷன் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. ஸ்கேல் அதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாங்க சம்பந்தி. வண்டி சரியாப் போச்சாமே. இனிமேலாவது..." என்று அந்த அம்மாள் மகன் பக்கம் ஜாடை காட்டினாள்.

"அதப் பத்திச் சொல்லத்தான் வந்தேன். அது பாரம் இல்ல."

"பின்ன?"

"நான் மாத்திப் போட்டுட்டேன். இந்தப் பக்கத்துக் கட்டை அந்தப் பக்கம். பெயிண்ட் அடிச்சேன் இல்ல, அதுல அடையாளம் மறைஞ்சுபோச்சு. நான் பாக்கல."

"பெயிண்டா?"

"ஆமா." வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "வண்டி ஒரு நாள்கூட அதிக பாரம் தூக்கல சம்பந்தி. அடியில ரப்பர் இருக்கு, பாத்தா தெரியும். அன்னைக்கே குனிஞ்சு பாத்திருக்கணும். பாக்காமலே பேசிட்டேன். மாப்பிள்ளை சொன்னதுதான் நெசம். உங்க எல்லாரு முன்னாடியும் சொன்னேன், அதான் உங்க முன்னாடியே..."

மகள் கதவருகில் நின்று புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் காப்பாற்ற அவள் எதுவும் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கக் கூடாதுதான்.

"சாயங்காலமே சொல்லியிருக்கணும் மாப்பிள்ளை. நீங்க கேட்டீங்க. எனக்கு வாய் வரல."

"பரவால்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. தெருவில் வழி கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி, மரியாதையாக.

சம்பந்தியம்மாள் கையில் மகனின் சட்டை ஒன்று இருந்தது. மடித்தாள். உதறினாள். மறுபடி மடித்தாள். அவள் முகத்தில் ஏறுகிற வெட்கத்தை ஸ்கேலுக்கு அடையாளம் தெரிந்தது. மத்தியானம் வண்டிக்கடியில் படுத்திருந்தபோது தன் முகத்தில் ஏறியதும் அதுதான்.

"நான் வேற கூடவே ஏறி உக்காந்துகிட்டு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஸ்கேல் பக்கம் திரும்பவே இல்லை. அவரைத் திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன்டா," என்றாள் மகனிடம், குரல் இறங்கிப்போய், "நீ அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல? அம்மா, சத்தியமா நான் ஏத்தலன்னு ஒரு வார்த்த கோவமாச் சொல்லியிருந்தா, நான் நம்பியிருக்க மாட்டேனா?"

ஏற்றவில்லை என்று அன்றைக்கே இரண்டு தடவை சொல்லியிருந்த மாப்பிள்ளை எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்த்தினார். அம்மாவின் கையிலிருந்த சட்டையை மெதுவாக வாங்கி, மடித்துவைத்த துணிகளின் மேல் வைத்தார். மாமனாரைக் கடந்து, மனைவியைக் கடந்து, அறையைவிட்டு வெளியே போனார்.